அளவு காட்டும் ஆங்கிலச் சொற்கள்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதுபோலத் தோன்றும். ஆங்கில மொழியில் அளவைக் குறிக்க வழங்கும் சாதாரணச் சொற்கள் சிலவற்றின் பொருளும் பிரயோகமுமே அது. "இவற்றை அறியாதார் யார்? பள்ளிப் பிள்ளையும் அறியுமே!" என்று தங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணமே இச்சொற்களால் விளையும் தீங்குக்கு வித்தென்பது எமது கருத்து. நீண்ட அருஞ்சொல் ஒன்று எதிர்ப்பட்டால் நாம் அகராதியைப் புரட்டுகின்றோம், அறிந்தாரை வினவுகின்றோம். இரண்டெழுத்தும் மூன்றெழுத்துமாக நிற்கும் சின்னஞ்சிறு சொற்களையோ, தெரிந்தவைதாமே என்று கடந்து போய்விடுகின்றோம். காலில் முள் தைப்பது மலையேறும்போது மட்டுமன்று. நாள்தோறும் நடக்கும் வாசற்படியிலும் தைக்கும்.

நம் முன்னோர் காலத்தில் கொடுக்கல் வாங்கல் யாவும் பெரும்பாலும் தமிழிலேயே நடந்தன. கணக்கும் தமிழ், பத்திரமும் தமிழ். இன்றோ பாங்கிக் கடன் பத்திரம், இன்ஷியூரன்ஸ் பத்திரம், மருந்துப் புட்டியின் மேற்சீட்டு, பிள்ளைகளுக்கு வரும் உத்தியோக உத்தரவு ஆகிய பலவும் ஆங்கிலத்திலே வருகின்றன. அவற்றில் நாம் கையொப்பமிடுகின்றோம். கையொப்பமிட்டபின், "இச்சொல்லுக்கு இப்பொருள் என்று அறியேன்" என்று சொல்லித் தப்புதல் எளிதன்று. ஆதலின் இச்சொற்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு வகையிலும் முக்கியமானவற்றை எடுத்துக் காட்ட முயல்வோம். முதலாவது, எண்ணைச் சொல்லாமல் சொல்வோன் மனத்தைக் காட்டும் சொற்கள். இரண்டாவது, எண்ணைச் சொல்வனபோல் தோன்றி, இடத்துக்கு இடம் மாறும் சொற்கள். மூன்றாவது, எல்லையையும் பங்கையும் வரையறுக்கும் சொற்கள்.

முதல் வகையில் முதன்மையானவை 'பியூ', 'எ பியூ' என்னும் இரண்டுமாம். இரண்டிற்கும் 'சில' என்றே நம் பள்ளிக்கூடங்களில் பொருள் சொல்லிவிடுகின்றனர். 'எ' என்னும் ஓரெழுத்து இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று மாணவர் எண்ணுகின்றனர். அவ்வோரெழுத்தே பொருளைத் தலைகீழாக்கிவிடுகின்றது. கூட்டத்திற்கு 'எ பியூ' வந்தனர் என்றால், சிலர் வந்தனர், அந்த மட்டிலும் நலம் என்பது கருத்து. 'பியூ' வந்தனர் என்றாலோ, வந்தவர் மிகச் சிலரே, வராதவரே பலர் என்பது கருத்து. எண்ணிப் பார்த்தால் இரு கூட்டத்திலும் வந்தவர் பதின்மராகவே இருக்கலாம். எண் ஒன்றே, மனம் வேறு.

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. "சிலர் வந்தனர்" என்பதற்கும் "சிலரே வந்தனர்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழ்க் குழந்தையும் உணரும். நம் இலக்கணத்தார் பிரிநிலை ஏகாரம் என்று கூறும் அவ்வோரெழுத்து, வந்தவரை வராதவரினின்றும் பிரித்துக் காட்டுகின்றது. நாம் ஓரெழுத்தைக் கூட்டிக் குறையைக் காட்டுகின்றோம். ஆங்கிலேயர் ஓரெழுத்தைக் குறைத்துக் குறையைக் காட்டுகின்றனர். இதனை இவ்விதம் கற்பித்தால் எந்த மாணவனும் மறவான். 'எ பியூ' என்றால் சில. 'பியூ' என்றால் சிலவே. அவ்வாறே 'எ லிட்டில்' என்றால் சிறிது. 'லிட்டில்' என்றால் சிறிதே.

இதனால் வரும் பயன் யாதெனில், கூறுவோம். பள்ளியிலிருந்து வரும் குறிப்பில் தங்கள் மகன் 'பியூ' பிழைகள் செய்கிறான் என்று எழுதியிருந்தால் அது பாராட்டு. பிழைகள் சிலவே என்பது பொருள். 'எ பியூ' பிழைகள் செய்கிறான் என்றிருந்தால் திருத்தத்தக்க பிழைகள் சில உள என்பது பொருள். பாராட்டப்பட்ட பிள்ளையை அடிப்பதும், திருத்தவேண்டிய பிள்ளையை விட்டுவிடுவதும் இவ்வோரெழுத்தால் நேரலாம். வைத்தியர் நோயாளியைக் குறித்து 'எ லிட்டில்' நம்பிக்கை உண்டு என்று எழுதினால், சிறிது நம்பிக்கை இருக்கின்றது, முயல்வோம் என்பது பொருள். 'லிட்டில்' நம்பிக்கை என்று எழுதினால், நம்பிக்கை இல்லையென்றே சொல்லத்தக்க நிலை என்பது பொருள். தூர தேசத்திலிருக்கும் மகன் உடனே புறப்படுவதா, அடுத்த மாதம் வருவதா என்பதும் அவ்வோரெழுத்தைப் பொறுத்ததாகிவிடும்.

இன்னுமொரு வேடிக்கை உண்டு. 'எ பியூ' என்பதன்முன் 'ஒன்லி' என்னும் சொல்லைச் சேர்த்தால் மறுபடியும் 'சிலரே' என்னும் பொருள் வந்துவிடும். 'குவைட்' என்னும் சொல்லைச் சேர்த்தாலோ, 'குவைட் எ பியூ' என்பது 'கணிசமான பலர்' என்று பொருள்படும். 'நாட் எ பியூ' என்பதும் பலர் என்னும் பொருளதே. சொல்லைத் தனித்தனியே பிரித்து அகராதியில் தேடுவோன் இவற்றின் பொருளைக் காணமாட்டான். ஆதலின் அளவுச் சொற்களைத் தனிச் சொல்லாகக் கற்பதைவிட, அவை வழங்கும் தொடரோடு சேர்த்துக் கற்பதே தக்கது.

'மெனி', 'மச்' என்னும் இரண்டும் அடுத்து வருவன. எண்ணத்தக்க பொருள்களுக்கு 'மெனி'. எண்ணாது அளக்கத்தக்கவற்றுக்கு 'மச்'. இதற்கும் தமிழில் வழியுண்டு. மாடுகளைப் 'பல' என்கின்றோம். பாலைப் 'பல' என்று சொல்வோமல்லோம், 'மிகுந்த பால்' என்போம். அதே பாகுபாடுதான். ஆயினும் நம்மவர் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. நாம் எண்ணத்தக்கனவாகக் கருதும் சிலவற்றை ஆங்கிலேயர் எண்ணுவதில்லை. புத்திமதி, செய்தி, தளவாடச் சாமான், பிரயாண மூட்டை முதலியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பொதுவாகப் பன்மை ஏலா. அவற்றிற்கு 'மச்' என்பதே உரியது. 'மெனி அட்வைஸஸ்' என்று நம் பட்டதாரிகளும் எழுதக் காண்கின்றோம்.

'பியூவர்', 'லெஸ்' என்னும் இரண்டும் இப்பாகுபாட்டைச் சார்ந்தவையே. எண்ணத்தக்கவற்றுக்குப் 'பியூவர்' என்றும், அளக்கத்தக்கவற்றுக்கு 'லெஸ்' என்றும் இன்று இலக்கணப் புத்தகங்கள் விதிக்கின்றன. இவ்விதி மிகப் பழையதன்று. 1770ஆம் ஆண்டில் ராபர்ட் பேக்கர் என்பவர் தமக்கு இது நலமாகத் தோன்றுகிறது என்று எழுதியதே பின்னாளில் விதியாயிற்று. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக ஆங்கிலேயர் எண்ணத்தக்கவற்றுக்கும் 'லெஸ்' என்பதை வழங்கியே வந்தனர். இன்றும் தூரம், காலம், பணம் ஆகியவற்றை எண்ணோடு சேர்த்துச் சொல்லும்போது 'லெஸ்' என்பதே வழக்கு. பரீட்சை எழுதும் மாணவர் விதியைக் கைக்கொள்க. பேசுவோர் பிறரை இதன்பொருட்டு இகழாதிருக்க.

நமது சங்கம் போன்ற சபைகளுக்கு மிகவும் வேண்டிய சொல் 'மெஜாரிட்டி' என்பது. பாதிக்கு மேற்பட்டது என்பதே அதன் சரியான பொருள். மூவர் போட்டியிடும் தேர்தலில் நூறு வோட்டுகள் பதிவாகி, ஒருவர்க்கு 40, ஒருவர்க்கு 35, ஒருவர்க்கு 25 கிடைத்தால், நாற்பது பெற்றவர் மற்ற இருவரினும் மிகுதி பெற்றவரேயன்றி 'மெஜாரிட்டி' பெற்றவரல்லர். அமெரிக்கர் இதனைப் 'புளூராலிட்டி' என்று வேறு பெயரால் வழங்குகின்றனர். நம் நாட்டு லோக்சபைத் தேர்தலில் மற்றவரினும் மிகுதி பெற்றாலே போதும். பாதிக்கு மேல் பெறவேண்டுமென்பதில்லை. ஒரு சங்கத்தின் விதிகளிலோ எது வேண்டுமென்று எழுதியிருக்கிறதோ அதுவே செல்லும். விதியை எழுதுவோர் இவ்விரண்டில் எதனைக் கருதுகின்றோம் என்பதைத் தெளிவாக எழுதிவிட்டால், தேர்தலுக்குப் பின் உறவினர் உறவினரோடு வழக்காடும் பரிதாபம் நேராது.

'ஆல்' என்னும் சொல்லோடு 'நாட்' சேரும்போதும் விழிப்பு வேண்டும். "எல்லாரும் வரவில்லை" என்று நாம் சொல்லும்போது, ஒருவரும் வரவில்லை என்பதா, சிலர் வந்து சிலர் வரவில்லை என்பதா என்று கேட்போர் மயங்குவர். ஆங்கிலத்திலும் அதே மயக்கம் உண்டு. 'நாட் ஆல்' என்று முன்னே வைத்து எழுதினால், சிலர் வந்தனர் என்பது தெளிவாகும். ஒருவரும் வரவில்லை என்று சொல்லவேண்டின் 'நன்' என்று எழுதுதல் தகும்.

இனி, எண்ணைச் சொல்வனபோல் தோன்றி மாறும் இரண்டாம் வகைச் சொற்களைக் காண்போம். 'கப்பிள்' என்பது பிணைப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. ஆதலின் அதன் நேர்ப்பொருள் இரண்டு. தம்பதிகளைக் குறிக்கும்போது அது இரண்டேயாம். ஆனால் 'எ கப்பிள் ஆப் டேஸ்' என்று ஒருவர் சொன்னால், அது இரண்டு நாளாகவும் இருக்கலாம், மூன்று நான்காகவும் நீளலாம். நாமும் "இரண்டொரு நாளில் தருகின்றேன்" என்று சொல்லும்போது நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வதில்லையன்றோ? "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்னும்போது நான்கு பேரை எண்ணிச் சொல்வதில்லையன்றோ? பேச்சில் இது குற்றமன்று. சரக்கு வரவேண்டிய நாளை இச்சொல்லால் எழுதி வாங்கிக்கொள்வதே குற்றம்.

'டஜன்' பன்னிரண்டு என்பதும், 'குரோஸ்' பன்னிரண்டு டஜனாகிய 144 என்பதும் நம் வியாபாரிகள் நன்கறிந்தவை. பென்சிலும் பொத்தானும் தீப்பெட்டியும் இக்கணக்கில் விற்கப்படுவன. ஆனால் இங்கிலாந்தில் ரொட்டிக்காரன் டஜன் என்றொரு வழக்கு உண்டு, அது பதின்மூன்று. 13ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் ரொட்டியின் விலையையும் எடையையும் சட்டத்தால் வரையறுத்து, குறைத்து விற்றவரைத் தண்டித்தனர். அதற்கு அஞ்சிய ரொட்டிக்காரர்கள் பன்னிரண்டுக்கு மேல் ஒன்றைக் கொசுறாகக் கொடுத்தனர் என்பது அவ்வழக்குக்குச் சொல்லப்படும் காரணம். நம் கடைவீதிக் கொசுறு அன்பால் வருவது. அவர்கள் கொசுறு அச்சத்தால் வந்தது போலும்!

'ஸ்கோர்' என்பது இருபது. கோலில் வெட்டும் வெட்டு என்பது அச்சொல்லின் ஆதிப் பொருள். ஆடுகளை எண்ணுவோர் இருபதுக்கு ஒரு வெட்டாகக் கோலில் வெட்டிக் கணக்கு வைத்ததனால் இருபதுக்கு அப்பெயர் வந்தது என்பர். கிரிக்கெட் ஆட்டத்தில் ஓட்டங்களுக்கு 'ஸ்கோர்' என்று பெயர் வந்ததும், பழங்காலத்தில் ஓட்டங்களைக் கோலில் வெட்டிக் குறித்த வழக்கத்தோடு சேர்ந்ததே. அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் 1863ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி கெட்டிஸ்பர்க்கில் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவு, எண்பத்தேழு ஆண்டு என்பதை நான்கு இருபதும் ஏழுமாகச் சொல்லித் தொடங்குகின்றது. 1863இல் எண்பத்தேழு கழித்தால் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த 1776 வரும். இதனை அறியாத மாணவன் நான்கும் ஏழும் பதினொன்று என்று கணக்கிட்டுச் சரித்திரத்தையே மாற்றிவிடுவான். ஆயினும் 'ஸ்கோர்ஸ் ஆப் பீப்பிள்' என்று பத்திரிகையில் வந்தால், இருபதிருபதாக எண்ணினர் என்று கொள்ளற்க. பலர் என்பதே பொருள்.

எடையைக் குறிக்கும் சொற்களில் மயக்கம் இன்னும் அதிகம். 'ஹண்டிரெட்வெயிட்' என்னும் பெயரில் நூறு என்னும் சொல் இருக்கின்றது; பிரிட்டிஷ் அளவையில் அதன் எடையோ 112 பவுண்டு. இலங்கைத் தமிழர் இதனை அந்தர் என்று வழங்கினர். அமெரிக்காவில் அது நூறு பவுண்டே. இருபது ஹண்டிரெட்வெயிட் ஒரு டன் ஆதலின், பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, அமெரிக்க டன் 2,000 பவுண்டு என்றாயிற்று. இவ்விரண்டினும் வேறானது ஆயிரம் கிலோகிராம் கொண்ட மெட்ரிக் டன். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவை நம் நாட்டுக்கு வந்தமையின், உள்நாட்டு வியாபாரத்தில் இத்துன்பம் இல்லை. அயல்நாட்டாரோடு சரக்கு வாங்கி விற்போர் எந்த டன் என்று கேட்டுப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளல் வேண்டும். திரவங்களை அளக்கும் காலனும் அத்தகையதே. பிரிட்டிஷ் காலன் நாலரை லிட்டருக்குச் சற்று மேல், அமெரிக்கக் காலன் நான்கு லிட்டருக்குக் குறைவு.

இவ்வகையில் தலைமையானது 'பில்லியன்'. 'மில்லியன்' பத்து லட்சம் என்பதில் ஐயமில்லை. அமெரிக்கர் ஆயிரம் மில்லியனைப் பில்லியன் என்றனர். அது நம் கணக்கில் நூறு கோடி. பிரிட்டிஷாரோ மில்லியனை மில்லியனால் பெருக்கிவந்த தொகையைப் பில்லியன் என்று வழங்கினர். அது லட்சம் கோடி. ஒரே சொல், ஒரே மொழி, இரு நாட்டிடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம்! 1974ஆம் ஆண்டு டிசம்பரில் பிரதம மந்திரி ஹாரல்டு வில்சன், தம் அரசாங்கத்தார் இனி ஆயிரம் மில்லியன் என்னும் பொருளிலேயே இச்சொல்லை வழங்குவர் என்று பார்லிமெண்டில் அறிவித்தபின், ஆங்கிலத்தில் இப்பொருளே நிலைபெற்றது. ஆயினும் அதற்கு முற்பட்ட பிரிட்டிஷ் புத்தகங்களைப் படிக்கும் மாணவர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். ஜெர்மானிய மொழியில் இன்றும் அச்சொல் லட்சம் கோடியையே குறிக்கின்றது. நம் பிள்ளைகள் ஒரு சூத்திரத்தை மனனம் செய்துவிட்டால் போதும்: மில்லியன் பத்து லட்சம்; பில்லியன் நூறு கோடி; டிரில்லியன் லட்சம் கோடி.

இனி மூன்றாம் வகை. எல்லையையும் பங்கையும் வரையறுக்கும் சொற்கள் இவை. இவற்றிலேதான் பொருள் நஷ்டம் ஒளிந்திருக்கின்றது. ஆதலின் தாய்மார்களும் இதனைக் கருத்துடன் கேட்க வேண்டுகின்றோம்.

கடைகளின் விளம்பரத்தில் 'அப் டு' என்னும் இரு சிறு சொற்களைக் காண்கின்றோம். 'அப் டு' ஐம்பது சதவிகிதம் தள்ளுபடி என்றால், ஐம்பதுக்கு மேற்படாது என்பதே பொருள். ஐம்பது கிடைக்கும் என்பது பொருளன்று. ஒரு சாமானுக்கு ஐம்பதும், மற்றவற்றிற்கெல்லாம் ஐந்தும் தள்ளினாலும் அவ்விளம்பரத்தின் சொல் பொய்யாகாது. 'அட் லீஸ்ட்' என்பது இதற்கு எதிர். அதனினும் குறையாது என்று உறுதி சொல்வது. தருபவன் 'அப் டு' என்பதை விரும்புவான். பெறுபவன் 'அட் லீஸ்ட்' என்பதைக் கேட்டுப் பெறவேண்டும்.

காலத்தைக் குறிக்கும் 'கிளியர் டேஸ்' என்னும் தொடரும் அறியத்தக்கது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 101ஆம் பிரிவு, பொதுக்கூட்டத்திற்கு 21 'கிளியர்' நாட்களுக்குக் குறையாமல் அறிவிப்புத் தரவேண்டும் என்று பொதுவிதியாகக் கூறுகின்றது. 'கிளியர்' என்பது முழுமையான இடைநாட்களைக் குறிக்கும். அறிவிப்புச் சேரும் நாளையும் கூட்டம் நடக்கும் நாளையும் நீக்கி, இடையில் இருபத்தொரு நாள் நிற்கவேண்டும். 30ஆம் தேதி கூட்டமாயின், அறிவிப்பு 8ஆம் தேதிக்குள் சேர்ந்திருத்தல் வேண்டும். 9ஆம் தேதி சேர்ந்தால் ஒரு நாள் குறைந்துவிடும்.

சதவிகிதம் பற்றியும் ஒரு வார்த்தை. கடன் வட்டி நூற்றுக்கு 8இலிருந்து 10 ஆயிற்று என்றால், இரண்டு சதவிகிதந்தானே உயர்ந்தது என்று நாம் அமைதியுறுகின்றோம். பத்து லட்சம் ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 80,000 ரூபாயாயிருந்தது 1,00,000 ரூபாயாகிவிட்டது. அதாவது நாம் கட்டும் வட்டி கால் பங்கு, நூற்றுக்கு 25, உயர்ந்தது. இவ்விரண்டையும் வேறுபடுத்தவே ஆங்கிலத்தில் முன்னதைப் 'பர்சென்டேஜ் பாயிண்ட்' என்றும், பின்னதைப் 'பர்சென்ட்' என்றும் கூறுகின்றனர்.

'போத்', 'ஈச்' என்னும் இரண்டும் குடும்பத்தைப் பிரிக்கவல்ல சொற்கள். மரண சாசனத்தில் 'போத்' புதல்வர்க்கும் ஒரு லட்சம் என்று எழுதினால், ஆளுக்கு ஒரு லட்சமா, இருவர்க்கும் சேர்த்து ஒரு லட்சமா என்னும் ஐயம் எழும். எழுதியவர் எழுந்து வந்து விளக்கமாட்டார். 'ஈச்' என்று எழுதினால் ஆளுக்கு ஒரு லட்சம் என்பது வெளிப்படை. தமிழில் எழுதினாலும் "இருவருக்கும் ஒரு லட்சம்" என்று விடாமல், "ஆளுக்கு" என்றோ "சேர்த்து" என்றோ ஒரு சொல்லை இட்டுவிடுக. அவ்வொரு சொல் உடன்பிறந்தாரை உடன்பிறந்தாராகவே வைத்திருக்கும்.

இறுதியாக, யாம் இன்று பேச எழுந்ததற்கே காரணமான சொல்லுக்கு வருகின்றோம். 'செவரல்' என்னும் சொல்லுக்குப் பள்ளிக்கூடத்தில் 'பல' என்று பொருள் கற்கின்றோம். இரண்டுக்கு மேற்பட்டு, மிகப் பலவாகாமல் நிற்பது என்பதே அதன் நடைமுறைப் பொருள். ஆனால் பிரிவு என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினின்று பிறந்த அச்சொல்லுக்கு ஆதிப் பொருள் 'தனித்தனி' என்பது. பேச்சு வழக்கில் அப்பொருள் மங்கிவிட்டது. சட்டத்தின் மொழியில் மங்கவில்லை. கடன் பத்திரங்களில் 'ஜாயிண்ட்லி அண்ட் செவரல்லி' என்றொரு தொடர் வரும். கூட்டாகவும் தனித்தனியாகவும் என்பது அதன் பொருள். 'தனித்தனியாக' என்றதும், அவரவர் பங்கை அவரவர் செலுத்துவது என்று நம்மவர் எண்ணிக்கொள்கின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. ஒவ்வொருவரும் தனியே முழுத் தொகைக்கும் பொறுப்பாளி என்பதே அதன் கருத்து.

உதாரணமாக, உறவினர் மூவர் சேர்ந்து ஒன்பது லட்சம் ரூபாய் கடன் வாங்கித் தொழில் தொடங்கினர் என்று வைத்துக்கொள்வோம். தன் பொறுப்பு மூன்று லட்சம் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருப்பர். தொழில் நொடித்து, இருவர் கையில் ஒன்றுமில்லை, மூன்றாமவர்க்கு ஒரு வீடு இருக்கின்றது. கடன் கொடுத்தவர் ஒன்பது லட்சத்தையும் அம்மூன்றாமவர் ஒருவரிடமே கேட்கலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இதனைச் சொல்கின்றது. வேறுவிதமாக வெளிப்படையான உடன்படிக்கை இல்லாவிடில், கூட்டாக வாக்குறுதி செய்தவருள் எவரையேனும் முழுவதையும் நிறைவேற்றும்படி கேட்கலாம் என்பது அதன் கருத்து. ஆகவே பத்திரத்தில் அத்தொடர் விடுபட்டிருப்பினும் மகிழவேண்டா. செலுத்தியவர் மற்ற இருவரிடமும் அவரவர் சமபங்கைக் கேட்க உரிமையுண்டு என்று அதே பிரிவு கூறுகின்றது. ஆனால் கையில் ஒன்றுமில்லாதவரிடம் உரிமையிருந்தென்ன பயன்? ஒருவர் செலுத்த இயலாவிடில் அவர் பங்கையும் மற்றவர் சமமாகச் சுமக்கவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கின்றது.

ஜாமீன் நிற்பவர் நிலையும் இத்தகையதே. வேறுவிதமாக எழுதப்படாவிடில், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம் என்று 128ஆம் பிரிவு கூறுகின்றது. நம் சமூகத்தில் ஒருவர்க்கொருவர் ஜாமீன் நிற்பது பரம்பரை வழக்கம். மைத்துனன் கேட்டான், மாமன் மகன் கேட்டான் என்று, வாசித்துப் பாராமலே கையொப்பமிடுகின்றோம். "பெயருக்கு ஒரு கையெழுத்துத்தானே" என்பது நாம் சொல்லும் சமாதானம். அவ்வழக்கத்தை யாம் குறை கூறவில்லை. ஒருவர்க்கொருவர் துணை நிற்கும் அக்குணத்தாலேயே நம்மவருட் பலர் தலையெடுத்தனர். அறிந்து நில்லுங்கள் என்பதே எமது வேண்டுகோள். வேறுவிதமாக எழுத இடமுண்டு என்று சட்டமே சொல்வதால், இத்தொகைக்கு மேல் என் பொறுப்பன்று என்று எண்ணால் வரம்பிட்டு எழுதும்படி கேட்கலாம். மறுத்தால், முழுத்தொகையும் தன் தலையில் விழுந்தால் தாங்க இயலுமா என்று வீட்டாரோடு கலந்து எண்ணியபின் கையொப்பமிடலாம். மனையாளும் மக்களும் இருக்கும் வீட்டின்மேல் விழும் சுமையை அவர்கள் அறியாமல் ஏற்பது முறையன்று.

அன்பர்களே! இவ்வளவும் கேட்டபின் மனத்தில் நிறுத்தவேண்டியவை மூன்று. பேச்சிலும் கடிதத்திலும் அளவுச் சொல் வந்தால், அது எண்ணைச் சொல்கிறதா, சொல்வோன் மனத்தைச் சொல்கிறதா என்று பார்க்கவேண்டும். பணமும் மருந்தும் தவணையும் பற்றிய இடத்தில் சொல்லோடு அமையாது, எண்ணை எழுதித் தரும்படி கேட்கவேண்டும். பலர் பெயர் சேர்ந்து வரும் பத்திரத்தில், ஆளுக்கா, சேர்த்தா, ஒவ்வொருவரும் முழுதுமா என்று வினவாமல் பேனாவைத் தொடலாகாது.

முதியோர்களுக்கு ஒரு வார்த்தை. "இதன் பொருள் என்ன?" என்று கேட்பதால் கௌரவம் குறையாது. எழுதிக் கொடுத்தவனே விளக்கக் கடமைப்பட்டவன். விளக்க மறுப்பவனிடம் கையொப்பமிடாமல் எழுந்து வருவதே விவேகம். மாணவ மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. தங்கள் கல்வி பரீட்சையோடு முடிவதன்று. தந்தையாரோ சிற்றப்பாவோ பெரியம்மாவோ ஓர் ஆங்கிலப் பத்திரத்தோடு வந்தால், பெரிய சொற்களை மட்டும் விளக்கிவிட்டு அமையாதீர்கள். 'எ' என்னும் எழுத்தையும், 'அப் டு' என்னும் சொல்லையும், 'செவரல்லி' என்னும் சொல்லையும் விரலால் தொட்டுக் காட்டி, தமிழிலே பொருள் சொல்லுங்கள். அவ்வொரு நாழிகை உழைப்பு ஒரு குடும்பத்தின் வீட்டைக் காப்பாற்றக்கூடும்.

நம் சங்கத்தில் மாதந்தோறும் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி, சட்டம் கற்றோரும் பாங்கிகளில் உத்தியோகம் பார்ப்போரும் வந்திருந்து, அங்கத்தினர் கொண்டுவரும் பத்திரங்களை வாசித்து விளக்கும்படி ஏற்பாடு செய்யலாமென்று நிர்வாகஸ்தர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். செலவில்லாத தருமம் இது.